ஃபயர்வாலின் சாப்பாட்டு நேரம்

ஆபீஸ் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவனைத் தேடி யாரும் நல்ல சேதியோடு வருவதில்லை. "நெட் இன்னிக்கு ரொம்ப நல்லா ஓடுது பாய்" என்று சொல்லிவிட்டுப் போக ஒருவர்கூட என் மேசைக்கு வந்ததாக ஞாபகம் இல்லை. கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒருமுறை வாயை விட்டுவிட்டு, அதற்கப்புறம் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட நிம்மதியாகச் சாப்பிட முடியாமல் போன என் இனத்து மக்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் நசீர். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போர்ட் பிளேருக்கு வந்து துணிக்கடை வைத்தவர். கடையில் உட்கார்ந்து துணி அளக்க எனக்குப் பொறுமை இல்லை என்று கம்ப்யூட்டர் படித்தேன். இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. நான் சொல்லப்போகும் சமயத்தில் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. முதல் புதுப்பித்தலுக்கான ஃபைல் அதிகாரியின் மேசையில் இருந்தது. அலுவலகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த வருடம் புதுப்பிக்கமாட்டார்கள்.

ஃபயர்வால் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபீசின் இணைய வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் அது. கையில் ஒரு லிஸ்ட் வைத்திருக்கும். லிஸ்டில் இருப்பதை விடும், இல்லாததை நிறுத்தும். லிஸ்டை எழுதுவது என் வேலை, யாரையாவது நிறுத்திவிட்டால் திட்டு வாங்குவதும் என் வேலை.

சாஹிபின் உத்தரவு

எங்கள் பெரிய அதிகாரி வங்காளத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நாங்கள் எல்லாரும் சாஹிப் என்போம். போர்ட் பிளேர் தலைமை அலுவலகமும் கார் நிக்கோபார் கிளையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு மெசேஜ் மென்பொருள் வேண்டும் என்று அவருக்குத் திடீரென்று தோன்றியது. மெயின்லேண்டில் ஒரு கம்பெனி அதைக் கொடுத்தது. சர்வர் அவர்களிடம் இருக்கும். கார் நிக்கோபாருக்குப் புதிய ஃபயர்வால் பெட்டி ஒன்றையும் அவர்களே அங்கிருந்து எல்லாம் அமைத்து, சீல் வைத்து, கப்பலில் அனுப்பினார்கள். பழைய பெட்டி போர்ட் பிளேரில் என் பொறுப்பில் இருந்தது. ஆள் உள்ளே இருந்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சாம்பல் புள்ளி. ஆள் இல்லாதபோது அனுப்புகிற செய்தி சேமிக்கப்படாது, காற்றோடு போய்விடும். பாதுகாப்புக்காக அப்படி வைக்கச் சொன்னவரும் சாஹிப்தான்.

ஒரு மாதம் சோதனை. பகலில் இணைய லிங்க் முழுக்கக் கப்பல் டிக்கெட் வேலைக்கு வேண்டும் என்பதால் உணவு இடைவேளையில், மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மட்டும் மெசேஜைத் திறந்துவிடலாம் என்று உத்தரவு. இரண்டு பெட்டியின் லிஸ்டிலும் அந்த நேரம் எழுதப்பட்டது. ஊழியர்கள் ஊர்க்கதை பேசிவிடுவார்களோ என்று சாஹிபுக்கு ஒரு பயம் இருந்தது. பேசட்டும், ஆனால் வேலையைப் பற்றி மட்டும் பேசட்டும் என்பதை விரலை ஆட்டிச் சொன்னார்: "பாத் கரோ, லேகின் காம் கீ பாத் கரோ."

வரவு எண்

முதல் நாள் போர்ட் பிளேர் ஆபீசுக்குள்ளேயே ஒரு சோதனை. தபால் பிரிவில் இருக்கும் ஜெயந்தி அக்காவுக்குக் கீழ்த்தளத்திலிருந்து 'சோதனை 1' என்று ஒரு மெசேஜ் போட்டேன். 'கிடைத்தது' என்று பதில் போடச் சொல்லி வைத்திருந்தேன். பத்து விநாடியில் வரவேண்டிய பதில் பத்து நிமிடமாகியும் வரவில்லை. நான் லிஸ்டைத் திறந்து ஒரு வரியை மாற்றினேன், இன்னொரு வரியை மாற்றினேன், கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.

மாடி ஏறிப் போய்ப் பார்த்தால், அக்கா அந்த மெசேஜைப் பிரிண்ட் எடுத்து, தலையில் 'வரவு' முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு, எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார். இதற்கெல்லாம் எண் வேண்டாம் அக்கா, அப்படியே பதில் போடலாம் என்றேன். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "பதினெட்டு வருஷமா நம்பர் போடாத எதுக்கும் நான் பதில் அனுப்பினதில்ல பாய். உங்க சோதனை ஒண்ணுக்காகப் பழக்கத்த மாத்தச் சொல்றீங்களா?"

இரண்டு பேர்

கார் நிக்கோபாரோடு பேசிப் பார்க்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு சோதனை ஆள் தேவை. போர்ட் பிளேரில் ஜெயந்தி அக்காவைப் போட்டேன். அவ்வளவு கறாரானவரிடம் ஓடினால் யாரிடமும் ஓடும். கார் நிக்கோபாரில் தலைமை கிளார்க் அன்பழகன் அண்ணன். போனில் தமிழில் பேசலாம் என்பதுதான் அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். இரண்டு பெயரையும் எழுதி சாஹிபிடம் கையெழுத்து வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். அன்று கேன்டீனில் டீ குடித்த எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. அவர்கள் இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி. ஒன்றரை மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அன்பு அண்ணன் அக்காவைக் கேட்காமலே கார் நிக்கோபாருக்குப் போகச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டார். அதை அக்கா எப்படியோ பொறுத்துக்கொண்டார். இப்போது அந்த இரண்டு வருடத் தவணை முடிகிற சமயம். இன்னொரு தவணையும் அவர் அங்கேயே இருக்கப்போகிறாராம் என்று கேன்டீனில் ஒரு பேச்சு கிளம்பி, அக்காவுக்கு அது சமோசா தின்னும்போது தெரியவந்தது. அன்றே அவர் நம்பரை போனில் பிளாக் செய்தார்.

வேறு ஆட்களைப் போட்டுவிடட்டுமா என்று அக்காவிடம் போய்க் கேட்டேன். வேண்டாம் என்றார். பிறகு, நான் கேட்காமலே, ஃபைலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போன்ல பேசமாட்டேன்னுதான் சொன்னேன். ஆபீஸ் மெசேஜ்ல பேசமாட்டேன்னு நான் எங்க சொன்னேன்?"

நல்ல மனுஷன்

மறுநாள் ஒரு மணிக்குக் கடிகாரம் அடித்த மாதிரி அக்கா பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வந்தது. அன்பு அண்ணன் புள்ளி சாம்பல். இரண்டு மணி வரை சாம்பல். அதற்கடுத்த நாளும் சாம்பல். அக்கா டிபன் பாக்சைத் திறந்து வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு மணிக்கு மூடியைப் போட்டுவிட்டு எழுந்து போவார். பாதிச் சாப்பாடு உள்ளேயே இருக்கும்.

தினமும் மூன்று மணிக்கு இரண்டு ஆபீசும் நிரப்பித் தர ஒரு படிவம் தயாரித்திருந்தேன். 'உணவு இடைவேளையில் மென்பொருள் வேலை செய்ததா? ஆம் / இல்லை.' கார் நிக்கோபாரிலிருந்து எல்லா நாளும் 'ஆம்' என்றே வந்தது. அன்பு அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டால், சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தேன், அவள்தான் வரவில்லை என்றார். அக்காவும் உட்கார்ந்திருந்தார், என் கண்ணால் பார்த்தேன் என்றேன். தன்னைச் சமாதானப்படுத்த நான் கதை விடுகிறேன் என்று அவர் முடிவு செய்துவிட்டது குரலில் தெரிந்தது. "நீங்க நல்ல மனுஷன் பாய். அதுக்காக எனக்காகப் பொய் சொல்ல வேணாம்."

ஒருநாள் ஒன்று பத்துக்கே அங்கே போன் போட்டேன். அட்டெண்டர் மோசஸ் எடுத்தார். அன்பு சார் சாப்பிட்டு முடித்து, கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குக் கிளம்பிவிட்டார் என்றார். பத்து நிமிடத்தில் சாப்பிட்டுக் கை கழுவிக் கிளம்புகிற வேகத்தை நினைத்து நான் வியந்தேனே ஒழிய, வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சாத்தம் ஜெட்டியில் ஓர் ஆலோசனை

நம் தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு. பிரச்சினையை வெளியில் சொல்லவே கூடாது. எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்குப் போகும் படகுக்காக சாத்தம் ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு தமிழ்க் கான்ட்ராக்டரிடம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அவர் படகு வரும் வரைக்கும் யோசித்தார். படகு வந்து, ஏறி, கரை தாண்டுகிற வரைக்கும் யோசித்தார். கார் நிக்கோபார் எந்தப் பக்கம் என்று கேட்டார். தெற்கு என்று கை காட்டினேன். அப்புறம் ரொம்ப நிதானமாகச் சொன்னார்: "உங்க பெட்டிய மொட்டை மாடில ஏத்தி, மூஞ்சிய அந்தப் பக்கமா திருப்பி வைங்க பாய். எங்க வீட்டு டிவி அப்படித்தான் சரியாச்சு."

அவங்க பக்கம்

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ரீஸ்டார்ட் செய்தீர்களா என்றார்கள். செய்தேன். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினீர்களா என்றார்கள். ஏற்றினேன். கார் நிக்கோபார் பெட்டியின் லிஸ்டைத் தூரத்திலிருந்து எட்டிப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு, கை வைக்கத்தான் கிடையாது. பார்த்தேன். 13:00 முதல் 14:00 வரை மெசேஜுக்கு அனுமதி என்று தெளிவாக இருந்தது. பதிவுகளைப் பார்த்தேன். தினமும் 13:02, 13:03 என்று அன்பு அண்ணன் உள்ளே வந்ததாகவே எழுதியிருந்தது. அக்காவும் அதே நேரத்தில்தான் வந்திருக்கிறார். ஒரே அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அன்றைக்குக் கொஞ்சம் வந்தது.

இதற்குள் அந்தச் சம்மதப் படிவம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு வருடம் இருக்கிறாயா, திரும்பி வருகிறாயா என்று கேட்டு அன்பு அண்ணனுக்கு வந்த படிவம். அடுத்த கப்பலின் தபால் பையில் பதில் வந்தாக வேண்டும். பதில் வராவிட்டால் தொடரச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும். இந்தத் தடவை அவளைக் கேட்காமல் ஒரு எழுத்துகூட எழுதமாட்டேன் என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார். கேட்க வழிதான் இல்லை. அவர் சும்மா இருந்தாலே இரண்டு வருடம் போய்விடும். நான் கம்பெனிக்கு நாலாவது தடவை போன் போட்டு, கிட்டத்தட்டக் கெஞ்சினேன். அந்தப் பையன் ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னான்: "எங்க பக்கம் எல்லாம் ஓகே சார்."

கப்பல்

சாஹிப் என்னைக் கூப்பிட்டு, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். கடலைப் பார்த்தபடியே வளர்ந்தவன் நான். ஆனால் கப்பலில் ஏறினால் என் வயிறு மெயின்லேண்டுக்காரன் வயிறாகிவிடும். ஜெட்டியை விட்டுக் கப்பல் அசைந்ததும் படுத்தேன், மறுநாள் காலை கார் நிக்கோபார் வருகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. பக்கத்துப் படுக்கையில் ஒரு மலையாளி நர்சம்மா. லீவு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழம் கொடுத்தார், மாத்திரை கொடுத்தார், கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பையையும் கொடுத்தார். என்ன வேலையாகப் போகிறேன் என்று கேட்டார். ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீசுக்கு ஒரு நொடியில் செய்தி போக வழி செய்யப் போகிறேன் என்று பைக்குள் தலையை வைத்தபடியே சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அந்தச் செய்திய உங்க கையிலயே குடுத்து விட்டிருக்கலாமே, எப்படியும் வர்றீங்கல்ல?"

மோசஸ் சொன்னது

இறங்கி ஆபீசுக்குப் போனபோது பத்து மணி. நான் வந்த கப்பல் பக்கத்துத் தீவுகளுக்குப் போய்விட்டு மறுநாள் மாலை திரும்பி வரும். அதற்கான தபால் பையை மறுநாள் மூன்று மணிக்கே கட்டிவிடுவார்கள். அன்பு அண்ணனை அன்றுதான் முதல் தடவையாக நேரில் பார்த்தேன். மெலிந்த மனிதர். மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தப் படிவம், கையெழுத்துப் போடாமல். நான் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கேபிளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று ஆபீசே எழுந்தது. நாற்காலிகள் நகர்ந்தன, டிபன் பாக்ஸ்கள் திறந்தன, மீன் குழம்பு வாசனை வந்தது. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு. என்ன இது, இவ்வளவு சீக்கிரம் சாப்பாடு என்று கேட்டேன். அட்டெண்டர் மோசஸ் நிக்கோபாரி. பொறுமையான மனிதர். அன்பு அண்ணனின் திரையைக் காட்டினார். பச்சைப் புள்ளி. மெசேஜ் சாப்பாட்டு நேரத்தில் திறக்கும் என்று ஆர்டர். பன்னிரண்டு மணிக்குத் திறந்தது. அப்படியானால் சாப்பாட்டு நேரம் மாறிவிட்டது போலிருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடுகிற ஊரில் பன்னிரண்டுக்குப் பசிக்காமல் இருக்குமா? யாருக்கும் ஒரு புகாரும் இல்லை.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு, ஒரு மாதமாக ஏன் சொல்லவில்லை என்றேன். ஒரு மாதமாக இப்படித்தான், நீங்கள் மணி என்னவென்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்று மோசஸ் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். அவர் சொன்ன இந்தி இன்னும் காதில் இருக்கிறது: "ஏக் மஹீனே ஸே ஐஸா ஹீ ஹை சார். ஆப்னே டைம் கபீ பூச்சா ஹீ நஹீன்."

வரைபடம்

லிஸ்டைத்தான் எல்லாரும் பார்ப்போம். பெட்டியின் கடிகாரம் வேறொரு பக்கத்தில் இருக்கும், அதை எவன் திறக்கிறான்? திறந்தேன். நேர மண்டலம் என்ற இடத்தில் இந்தியா இல்லை. மியான்மர். நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால். நமக்குப் பன்னிரண்டு அடிக்கும்போது அந்தப் பெட்டிக்கு ஒன்று. தன் கணக்கில் அது நேர்மையாகத்தான் இருந்திருக்கிறது. அண்ணன் தினமும் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை அக்காவுக்காகக் காத்திருக்கிறார். அவர் வாசல் மூடியதும் அக்காவின் வாசல் திறக்கிறது. அக்கா ஒன்றிலிருந்து இரண்டு வரை காத்திருக்கிறார். ஒரு மாதம் முழுக்க ஒருவர் எழுந்து போன நிமிடத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். இதைச் சொன்னபோது அன்பு அண்ணன் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "தினமும் வந்தாளா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

கடிகாரத்தை மாற்றக் கடவுச்சொல் கம்பெனி இன்ஜினியரிடம்தான் இருந்தது. அவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் மட்டும் சரியாக ஒரு மணிக்குப் போயிருந்தார். திரும்பி வந்து போனை எடுத்துக் கடவுச்சொல்லைக் கொடுத்து, நான் கடிகாரத்தை மாற்றியபோது அன்றைய நேரம் முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது மறுநாள் ஒரே ஒரு மணி நேரம். கார் நிக்கோபார் பெட்டிக்கு மியான்மர் நேரத்தை வைத்தது ஏன் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "லிஸ்ட்ல அந்தமான் இல்ல சார். மேப்ல பார்த்தேன், பக்கத்துல அதான் இருந்துச்சு."

என் போனிலிருந்தே அக்காவோடு பேசுங்கள் என்று அண்ணனிடம் நீட்டினேன். போனில் பேசமாட்டேன் என்று அவள் சொன்னால் சொன்னதுதான் என்று வாங்க மறுத்துவிட்டார். அதனால் நானே அக்காவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். "இருக்கேன் பாய். நாளைக்கு ஒரு மணிக்குத்தானே?"

ஒரு மணி

மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் பச்சைப் புள்ளி வரவில்லை. ஆபீஸ் முழுவதும் என்னைக் கோபமாகப் பார்த்தது. ஒரு மணிக்கு வந்தது, இரண்டு பெயருக்கும் பக்கத்தில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. அண்ணன் 'வணக்கம்' என்று அடித்தார். 'செய்தி கிடைத்தது' என்று வந்தது. அதற்கப்புறம் அரை மணி நேரம் இரண்டு பேரும் அரசாங்கத்துக் கடிதம் மாதிரியே எழுதிக்கொண்டார்கள். அண்ணன் ஒற்றை விரலில் அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தென்னை மரங்களை எண்ணினேன். ஒன்று ஐம்பதுக்குத்தான் அவர் கேட்கவேண்டியதைக் கேட்டார். அனுப்பிவிட்டு எனக்கும் வாசித்துக் காட்டினார். 'ஃபார்ம் வந்திருக்கு. உன்னைக் கேக்காம போன தடவை போட்டது தப்பு. இப்ப கேக்கறேன். நான் என்ன எழுதட்டும்?'

எதிர்ப்பக்கம் யாராவது எழுதிக்கொண்டிருந்தால் திரையில் ஒரு சின்னப் பேனா ஆடும். பேனா ஆடியது. நின்றது. ஆடியது. மறுபடி நின்றது. மணி ஒன்று ஐம்பத்தெட்டு. இரண்டு அடித்தால் இரண்டு பெட்டியும் மூடிக்கொள்ளும், எழுதிக்கொண்டிருப்பது காற்றோடு போகும். நேரத்தைத் தாண்டித் திறக்க எனக்கு அதிகாரம் இல்லை, என் ஒப்பந்த ஃபைல் சாஹிபின் மேசையில் இருக்கிறது. பேனா மறுபடி ஆடியது. நான் லேப்டாப்பைத் திறந்து இரண்டு பெட்டியிலும் 14 என்று இருந்ததை 15 என்று மாற்றினேன். கார் நிக்கோபார் பெட்டி 'சேமிக்கப்பட்டது' என்று காட்டியபோது சுவர்க் கடிகாரத்தில் இரண்டு தாண்டவில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

இரண்டு இருபதுக்குப் பதில் வந்தது. அண்ணன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படிவத்தை வெளியே எடுத்து, 'திரும்ப வர விருப்பம்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டு, கீழே கையெழுத்திட்டு மோசஸிடம் கொடுத்தார். பை கட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அப்புறம் திரையை என் பக்கம் திருப்பினார். ஜெயந்தி அக்கா எண் எதுவும் போடாமல் எழுதியிருந்தார்: "வந்துடுங்க. ஆனா இனிமே என்னைக் கேக்காம கொத்தமல்லிகூட வாங்கக் கூடாது."

அறிக்கை

திரும்பும் கப்பலிலும் படுத்தேதான் வந்தேன். சாஹிப் என் அறிக்கையை வரி வரியாகப் படித்தார். மியான்மர் வரும் இடத்தில் ஒரு தடவை சிரித்தார். பிறகு பதிவுத் தாளில் விரலை வைத்தார். சோதனை நேரம் இரண்டோடு முடிகிறது, வாசல் ஏன் இரண்டு இருபத்தைந்து வரை திறந்திருக்கிறது? பதில் வந்த கையோடு 15-ஐ நான் மறுபடி 14 ஆக்கி மூடிய நேரம் அது. தொழில்நுட்பக் காரணம் என்று எழுதலாம் என்றுதான் கப்பலில் நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார் சார், பாதியில் மூட மனசு வரவில்லை என்றேன்.

அவர் மாடியில் தபால் பிரிவு இருக்கும் திசையைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. என் ஒப்பந்த ஃபைலை இழுத்து ஒரு கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். ஜனங்கள் டைப் அடிப்பதில் மெதுவாக இருக்கிறார்கள், இனிமேல் இரண்டரை வரை திறந்து வை என்பதைப் புது உத்தரவு மாதிரிச் சொன்னார்: "ஆகே ஸே டாயீ பஜே தக் ரக்கோ. டைப்பிங் மே லோக் ஸ்லோ ஹைன்."

இப்போதெல்லாம் மெசேஜ் ஓடவில்லை என்று எந்தத் தீவிலிருந்து போன் வந்தாலும், கேபிளைப் பற்றியோ கடவுச்சொல்லைப் பற்றியோ பேசுவதற்கு முன்னால் "சாப்பிட்டாச்சா?" என்றுதான் நான் முதலில் கேட்கிறேன், அதனால் நெட்வொர்க் பாய் ரொம்ப அன்பான ஆள் என்று தீவெல்லாம் எனக்குப் பேர் வந்துவிட்டது.